அப்பா தந்தாரா, கொடுத்தாரா?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஜப்பான் கம்பெனி வேலைக்கு ஆசைப்பட்டு நம்மில் சிலர் ஜப்பானிய மொழி படிக்கிறோம். எழுத்துதான் கஷ்டம் என்று நினைத்திருந்தேன். என்னைக் கவிழ்த்ததோ 'கிவ்' என்கிற சின்ன ஆங்கிலச் சொல்!

மாதிரி இன்டர்வியூவில் குடும்பத்தைப் பற்றிக் கேட்டார்கள். அப்பா சுவாமிமலையில் சிலை வார்க்கும் பட்டறையில் மெழுகு வேலை செய்பவர். எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். கூலியில் மிச்சம் பிடித்து எனக்கு அகராதி வாங்கித் தந்தார். அதைப் பெருமையாக, "சிச்சி வா வதாஷி நி ஜிஷோ ஓ அகெமாஷிதா" என்றேன். (சிச்சி என்றால் என் அப்பா; சிரிக்காதீர்கள்!) "யாரோ வீட்டு அப்பா மாதிரி இருக்கே" என்றார் ஆசிரியர். 'குரெமாஷிதா' என்று சொல்லியிருக்க வேண்டும்.

விஷயம் இதுதான். நான் உங்களுக்குக் கொடுத்தாலும், ராமன் கண்ணனுக்குக் கொடுத்தாலும் 'அகெரு'. பொருள் என்னிடம் வந்தால் 'குரெரு'. கண்ணன் என் தங்கைக்குக் கொடுத்தாலும் 'குரெரு'தான். தங்கை என் பக்கம் அல்லவா! பெரியவர் எனக்குத் தந்தால் 'குதசாரு'. முதல் நாளே படிக்கும் 'குதசாய்' இதன் பிள்ளைதான். செடிக்குத் தண்ணீர் விட 'யாரு'.

இத்தனை எதற்கு என்று பள்ளித் தமிழ் ஐயாவிடம் புலம்பினேன். அவர் தொல்காப்பியத்தைப் பிரித்தார். சொல்லதிகாரம், கிளவியாக்கம்: 'தா' தன்மைக்கும் முன்னிலைக்கும், 'கொடு' படர்க்கைக்கு. எனக்கும் உனக்கும் தருவது, அவனுக்குக் கொடுப்பது. மலையாளத்தில் இன்றும் இந்த வித்தியாசம் உண்டு. எச்சவியலில் இன்னொரு கணக்கு: பெரியவரிடம் கேட்டால் 'ஈ', சமமானவரிடம் 'தா', கீழே இருப்பவரிடம் 'கொடு'. பட்டறையில் அப்பாவிடம் "அரத்தைக் கொடு" என்கிறார்களே, அந்தக் கணக்குதான் போலிருக்கிறது. நாமோ இன்று எல்லாவற்றுக்கும் "குடு" என்று முடித்துவிடுகிறோம். எனக்கு வழுக்கியதும் அங்கேதான்.

ஆனால் அப்படியே பொருத்திவிடாதீர்கள். 'உனக்குத் தருகிறேன்' என்பதற்கு ஜப்பானியத்தில் 'அகெரு'.

துணைவினையில்தான் எனக்குச் சந்தோஷம். 'வாங்கித் தந்தார்' என்பது அங்கே 'கத்தே குரெமாஷிதா'. கத்தே என்றால் வாங்கி. அச்சு அசல் நம் தமிழ்! வெறுமனே 'கைமாஷிதா', அதாவது 'வாங்கினார்' என்றால் அது கடைக் கணக்கு. 'குரெமாஷிதா' சேர்ந்தால்தான் எனக்காகச் செய்தார் என்பது தெரியும்.

அப்பனுக்குப் பிள்ளை பாடம் சொன்ன ஊர் எங்கள் ஊர். அந்தத் தைரியத்தில் அன்று ராத்திரி அப்பாவிடம், "சிச்சி வா ஜிஷோ ஓ கத்தே குரெமாஷிதா" என்று சொல்லிக் காட்டினேன்.

"யாரைடா சிச்சிங்கிறே?" என்று முறைத்தார்.