வாடுகிற பொருளுக்கு ஆள் வேண்டும்

அன்புள்ள தம்பிக்கு,

நண்பர்கள் நால்வர் சேர்ந்து, ஆரணியில் ஆதரவில்லாத முதியவர்களுக்கு மாதம் ஒரு மளிகைப் பை கொடுக்க நினைக்கிறோம், சரியா என்று கேட்டிருந்தாய். எண்ணம் சரி. பையில் என்ன இருக்க வேண்டும், எத்தனை நாளுக்கு ஒருமுறை போக வேண்டும் என்பதில் மட்டும் எனக்கு வேறு கருத்து. மளிகையை விட்டுவிட்டுக் கீரையும் காயும் பழமும் கொண்டு போங்கள். மாதம் ஒருமுறை என்பதை வாரம் இருமுறை ஆக்குங்கள். அதற்காக வீடுகளின் எண்ணிக்கையைப் பாதிக்கும் கீழே குறைக்க நேர்ந்தாலும் குறையுங்கள். காரணம் சொல்லாமல் நீ ஏற்க மாட்டாய் என்பதால் கடிதம் கொஞ்சம் நீளும்.

அரிசியும் பருப்பும் கொண்டு போய்ச் சேர்க்கும் வேலையைத் தமிழ்நாட்டில் அரசாங்கம் நெடுங்காலமாகச் செய்து வருகிறது. 1962 ஏப்ரலில் முதியோர் ஓய்வூதியம் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. எம்.ஜி.ஆர். 1982இல் தொடங்கிய சத்துணவுத் திட்டம் அடுத்த ஆண்டே ஓய்வூதியம் வாங்கும் முதியவர்களுக்கும் விரிந்தது. சத்துணவு மையத்தில் சாப்பிடுகிறவருக்கு மாதம் 2 கிலோ அரிசி, சாப்பிடாதவருக்கு 4 கிலோ என்று விதியும் வந்தது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வேட்டி, சேலை உண்டு. (ஊர் உலகத்துக் கல்யாணங்களுக்கெல்லாம் பட்டு நெய்து கொடுத்த கை, வயதான பின் இலவசச் சேலைக்கு நீள்வதை ஆரணியில் யாரும் வினோதமாகப் பார்ப்பதில்லை; பார்த்திருக்க வேண்டும்.) 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசிக்கே விலை இல்லை. 2023 ஆகஸ்டில் ஓய்வூதியம் 1,200 ரூபாய் ஆனது. 2025 ஆகஸ்ட் 12 அன்று தொடங்கிய தாயுமானவர் திட்டம், முதலில் 70 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் என்று, ரேஷன் பொருள்களை வண்டியில் ஏற்றி வீட்டு வாசலுக்கே கொண்டு வந்தது. இவை சிறிய காரியங்கள் அல்ல. ஆனால் இந்தப் பொருள்களுக்கெல்லாம் பொதுவான ஒரு குணத்தைக் கவனி: அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெய், கோதுமை, துணி என எல்லாமே கிடங்கில் இருந்தால் கெடாதவை. அரசின் கை கிடங்கிலிருந்து நீளுகிற கை. அதனால் மாதம் ஒருமுறை வந்தால் போதும் என்ற கணக்குக்குள் அடங்குகிற பொருளைத்தான் அரசால் எளிதாகக் கொடுக்க முடிகிறது.

அந்தக் கணக்குக்குள் அடங்காதது தட்டில் இல்லாமல் போகிறது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில், ஒரு நாளுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு 400 கிராம் காய்கறியும் கீரையும், 100 கிராம் பழமும் வேண்டும் என்கிறது. முதியவர் அதில் கொஞ்சம் குறைத்தே உண்பார் என்று வைத்துக்கொள். 1,200 ரூபாயை முப்பதால் வகுத்தால் நாளுக்கு 40 ரூபாய். அதில் மாத்திரை, பால், வாடகையில் ஒரு பங்கு எல்லாம் போன பிறகு காய்க்கு மிஞ்சுவது எவ்வளவு? சோறு, ரசம், ஊறுகாய் என்று மூன்று வேளையும் ஓடிவிடும். சர்க்கரை நோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் இதைவிடப் பொருந்தாத சாப்பாடு கிடையாது. காசு இருந்தாலும் போய் வாங்க வேண்டுமே. குழித்தறியில் இறங்கிப் பல பத்தாண்டுகள் கால்மிதி மிதித்த முழங்காலுக்கு ஆரணிக் கொசப்பாளையத்திலிருந்தோ சைதாப்பேட்டையிலிருந்தோ சந்தை வரைக்கும் நடப்பதே பெரிய வேலை. மெல்லிய பட்டு இழையைப் பார்த்துப் பார்த்து மங்கிய கண்ணுக்கு நல்ல காய், சொத்தைக் காய் தெரியாது. ஒற்றை ஆளுக்குச் சமைப்பவர் முழுச் சுரைக்காய் வாங்கி என்ன செய்வார்? குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில் கீரைக்கட்டு மறுநாளே வாடிவிடும்.

கெட்டுப்போகும் பொருள் என்பதை நலத்திட்டம் வகுப்பவர்கள் குறையாகப் பார்க்கிறார்கள். எனக்கு அதுதான் இதன் பலமாகத் தெரிகிறது. அரிசி மூட்டையை இறக்கிவிட்டு ஒரு மாதம் திரும்பிப் பார்க்காமல் இருக்கலாம். கீரையை அப்படிக் கொடுக்க முடியாது. மூன்று நாளைக்கு ஒருமுறை ஓர் ஆள் அந்த வாசற்படி ஏறியே ஆக வேண்டும். உணவைப் போலவே ஆள் வருவதும் பயன் தருகிறது என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவில் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 2015இல் வெளியான ஓர் ஆய்வில், எட்டு நகரங்களில் சுமார் 600 முதியவர்களை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்குச் சூடான உணவை ஆள் கொண்டு போய்த் தினமும் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு உறைந்த உணவுப் பொட்டலங்கள் வாரம் ஒருமுறை மொத்தமாகப் போயின. மூன்றாம் பிரிவினர் வழக்கம்போல் காத்திருப்போர் பட்டியலிலேயே இருந்தார்கள். பதினைந்து வாரம் கழித்துப் பார்த்தபோது, பதற்றமும் தனிமை உணர்வும் கீழே விழுவதும் குறைந்த மாற்றம், தினமும் ஆள் வந்த பிரிவினரிடம்தான் மிகுதியாகத் தெரிந்தது. தனித்து வாழ்பவர்களுக்குப் பலன் இன்னும் கூடுதல். அமெரிக்க நகரம் ஆரணி ஆகாது என்பாய். உண்மைதான். ஆனால் ஏழு மாநிலங்களில் 2011இல் ஐ.நா. மக்கள்தொகை நிதியம் நடத்திய கணக்கெடுப்பில், தனியாக வாழும் முதியவர்களின் பங்கு தமிழ்நாட்டில்தான் மிகுதியாக இருந்தது, அதிலும் பெண்கள். தனிமைக்கும் ஆண்டுக்கு 8,71,000 மரணங்களுக்கும் தொடர்பு உண்டு என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2025 ஜூனில் மதிப்பிட்டது. ஆகவே இது குளிர்நாட்டுக்காரர்களின் கவலை என்று நாம் ஒதுங்க முடியாது.

ஆரணிக்கென்று ஒன்று கூடுதலாகவும் உண்டு. தறி வீட்டுக்குள்ளேயே இருக்கிற ஊர் அது. பாவு வரும், ஜரிகை வரும், முதலாளியின் ஆள் வருவார், ஊடைக்குத் தார் சுற்றுகிற பெண்கள் ஒருபக்கம், கோர்வைக்குக் கைகொடுக்கும் பிள்ளை ஒருபக்கம். வாழ்நாள் முழுக்க வேலையும் பேச்சும் ஒரே கூரையின் கீழ் நடந்தன. தறி நின்ற அன்று கூலியோடு சேர்ந்து அந்தப் பேச்சும் நிற்கிறது. அலுவலகத்திலிருந்து ஓய்வு பெறுகிறவர் வீட்டுக்குத் திரும்புகிறார். இவர்களுக்கு வீடே வேலையிடமாக இருந்ததால், திரும்பிப் போக வேறு இடம் இல்லை. இப்படிப்பட்டவர் முன்னால் போய் உட்கார்ந்து "எப்படி இருக்கீங்க ஆயா" என்று கேட்டால், "இருக்கேன்" என்பதோடு பேச்சு முடியும். கை சும்மா இருக்கும்போது பேசிப் பழக்கமில்லாதவர்கள் அவர்கள். கீரையை முறத்தில் கொட்டி, நீயும் சேர்ந்து ஆய்ந்து பார். மங்கிய கண்ணுக்குச் சிரமமான வேலையும் முடியும். கை ஓட ஓட வாயும் தானாகத் திறக்கும். ஆய்ந்து நறுக்கிய கீரையை வாங்கிக் கொடுக்கலாமே என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதே. சிக்கனம் என்ற பெயரில் அந்த அரைமணி நேரத்தைத்தான் அது வெட்டும்.

எதிர்வாதங்கள் வரும். காயாகக் கொடுப்பதைவிடப் பணமாகக் கொடுங்கள், எதை வாங்குவது என்று அவர்களே முடிவு செய்யட்டும் என்பது வலுவான வாதம். உங்கள் பை ஓய்வூதியத்துக்கு ஒருபோதும் ஈடாகாது. ஓய்வூதியம் வராதவர் இருந்தால் முதலில் மனு எழுதிக் கொடுங்கள். கூட்டுறவு சங்க உறுப்பினரான நெசவாளர்களுக்குத் தனி ஓய்வூதியம் உண்டு. தனியாரிடம் பாவு வாங்கிக் கூலிக்கு நெய்தே காலம் கழித்தவருக்கு அந்த வாசல் பெரும்பாலும் மூடியே இருக்கிறது. ஆனாலும் பணம் சந்தைக்கு நடந்து போகாது, பேத்தியின் பள்ளிக் கட்டணத்தை மீறிக் காய் வாங்க மனம் வராது என்ற இரண்டும் உண்மை. அவர்கள் முடிவு செய்ய வேண்டும் என்ற பாதியை மட்டும் எடுத்துக்கொள்: அடுத்த முறை என்ன வேண்டும் என்று அவரிடமே கேட்டு எழுதிக்கொள். பெற்ற பிள்ளைகள் எதற்கு என்பது அடுத்த வாதம். பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 2007இலேயே வந்துவிட்டது, கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். கொடுக்க வேண்டிய நிலையில் இருப்பவருக்கு வழியும் காட்டு. ஆனால் தறியை நம்ப முடியாமல் பெங்களூருக்கும் சென்னைக்கும் கூலிக்குப் போன மகன்மீது எந்தத் தாய் மனுக் கொடுப்பாள்? மூன்றாவது வாதம்தான் எனக்குக் கனமாகப் படுகிறது: கைத்தொழிலில் நிமிர்ந்து வாழ்ந்தவர்கள் பிச்சை என்று கூசுவார்களே என்பது. கூசுவார்கள். ஓர் எலுமிச்சம்பழத்துக்காவது காசு நீட்டினால் வாங்கிக்கொள். காபி கொடுத்தால் குடி. படம் எடுக்காதே, எடுத்தால் அடுத்த முறை கதவு திறப்பது மரியாதைக்காக மட்டும்தான்.

இனி நடைமுறை. காலையில் உழவர் சந்தைக்குப் போனால் கீரை அன்று பறித்ததாகக் கிடைக்கும். பல் இல்லாதவர்களுக்குப் பீர்க்கங்காய், சுரைக்காய், பரங்கிக்காய், பப்பாளி போல எளிதில் வேகுபவையும் மென்மையானவையும் வாங்கு. முழுக் காயை இரண்டு வீட்டுக்குப் பங்கிடு. எலுமிச்சை கட்டாயம் இருக்கட்டும், கீரையிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் ஒட்ட அது உதவும். வாழைப்பழத்துக்குப் படவேடு பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் பை கட்டும் முன் மருந்துச் சீட்டைப் பார்க்கக் கேள். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு வாழைப்பழமும் இளநீரும் கெடுதலாகலாம். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டக் கூடாது. இவற்றை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். வங்கி அட்டையையோ ரகசிய எண்ணையோ யார் கொடுத்தாலும் கையில் வாங்காதே. நால்வரும் இரண்டிரண்டு பேராகப் பிரிந்து, ஜோடிக்கு மூன்று வீட்டுக்கு மேல் எடுக்காதீர்கள். செவ்வாயும் வெள்ளியும் என்று சொல்லிவிட்டால் செவ்வாயும் வெள்ளியும்தான். வராத ஆளுக்காக வாசலில் காத்திருக்க வைப்பதைவிட, தொடங்காமலே இருப்பது மேல். உங்கள் தேர்வு மாதத்தில் யார் யார் போவது என்பதை இப்போதே பேசி முடித்து, ஜோடியில் இருவரையும் முதல் நாளிலிருந்தே அந்த ஆயாவுக்கு முகம் தெரிய வையுங்கள்.

அன்புடன்,
உன் அண்ணன்