உளநெருக்கீடும் உடல்நலமும்

பரீட்சை மண்டபத்தின் வாயிலில் மணியோசைக்குக் காத்து நின்ற காலையை மறந்த பழைய மாணவர் எவரும் இரார். நா வறண்டது, உள்ளங்கை வியர்த்தது, நெஞ்சு படபடத்தது, காலையில் உண்டது வயிற்றிற் கல்லாய்க் கிடந்தது. அதனைக் கோழைத்தனமென எண்ணி நாம் வெட்கினோம். உண்மையில் அது நம் உடல் நமக்குச் செய்த உதவியேயாம்.

ஆபத்து நேருமென மூளை உணர்ந்ததும், சிறுநீரகங்களின்மேல் தொப்பிபோல் அமைந்த அதிரீனற் சுரப்பிகள் அதிரீனலின் என்னும் ஓமோனைக் குருதியிற் கலக்கின்றன. இருதயம் விரைந்து துடிக்கின்றது. ஈரல் சர்க்கரையை விடுவிக்கின்றது. சமிபாட்டுக்குரிய குருதி குறைந்து, கைகால்களின் தசைகளுக்குப் பாய்கின்றது. எதிர்த்துப் போரிடவோ ஓடித் தப்பவோ உடல் இவ்வாறு ஆயத்தமாகின்றதென அமெரிக்க உடற்றொழிலியல் அறிஞர் வோல்ற்றர் கனன் 1915இல் வெளியிட்ட நூலில் விளக்கினார்.

புலி அகன்றதும் இவ்வாயத்தம் அடங்குதல் இயற்கை. ஆனால் கடன், உத்தியோகக் கவலை, பரீட்சைப் பயம் ஆகியன புலியைப்போல் அகல்வனவல்ல. கனடாவின் மொன்றியல் நகரில் எலிகளை ஆராய்ந்த ஹான்ஸ் செலியே, குளிர், காயம், நச்சு என ஊறு எதுவாயினும் உடலின் விடை ஒருதன்மையதே என 1936இல் எழுதினார். முதலில் அபாய அறிவிப்பு. அடுத்து எதிர்த்து நிற்றல். ஊறு நீடிப்பின் ஈற்றிற் களைத்து வீழ்தல்.

மனிதரிடத்தும் இதற்குச் சான்றுண்டு. அமெரிக்காவில், தாமே முன்வந்த பல்மருத்துவ மாணவர் 11 பேரின் மேலண்ணத்தில், விடுமுறையில் ஒரு சிறு காயமும், பரீட்சைக்கு 3 நாள் முன்னர் மற்றொன்றும் இடப்பட்டன. 1998இல் வெளியான அவ்வாய்வின்படி, பரீட்சைக்காலக் காயம் ஆறுவதற்குச் சராசரி 3 நாள் கூடுதலாகச் சென்றது. ஒருவரேனும் விதிவிலக்காகவில்லை. கவலை மனத்தோடு நில்லாது தசையினுள்ளும் புகும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ?

ஆயினும் நோயனைத்தையும் கவலையின்மேற் சுமத்தல் தவறு. இரைப்பைப் புண் கவலையின் விளைவென்றே நெடுங்காலம் கருதப்பட்டது. அவுஸ்திரேலியாவில் றொபின் வொறனும் பாரி மார்ஷலும் 1982இல் கண்டறிந்த பற்றீரியாவே அதற்குப் பெருங்காரணம் எனப் பின்னர்த் தெளிவாயிற்று. ஆதலின் நீங்காத நோவுக்கும், நாட்கணக்கில் அகலாத சோர்வுக்கும் வைத்தியரை நாடுவதே அறிவுடைமை.

இனி, இயற்கை வழிகளை நோக்குவோம். இருதயத்துக்கு நாம் நேரே ஆணையிடல் இயலாது. மூச்சோ தானேயும் இயங்கும். நம் சொல்லையும் கேட்கும். மெல்ல உள்ளிழுத்து, அதனினும் மெல்ல வெளிவிடுங்கால், அலையுநரம்பின் வழியே இருதயத் துடிப்புத் தணிகின்றது. நிமிடத்துக்கு 6 மூச்சளவாகச் சிறிது நேரம் பயிலுதல் நன்று. வலிந்து அடக்குதல் வேண்டா. திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரத்திற் பிராணாயாமத்துக்குத் தனியிடம் வகுத்தனர்.

இரண்டாவது, நடை. ஓடுவதற்கென உடல் விடுவித்த சர்க்கரையைத் தசைகள் செலவிட அது வழிசெய்கின்றது. மூன்றாவது, உறக்கம். படித்தவை நினைவில் உறுதிபெறுதற்கு உறக்கம் இன்றியமையாதது. விடியுமளவும் விழித்துப் படிப்பவன் தான் சேர்த்ததைத் தானே சிந்துகின்றான். இரவிற் பருகும் கடுந்தேநீர் அவனுக்கு நண்பனன்று. நான்காவது, மனத்திலுள்ளதை நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் சொல்லுதல்.

இந்நான்கும் பணஞ் செலவாகாதவை. எனினும் நான்காவதற்குக் கேட்பவர் ஒருவர் வேண்டும். பழைய மாணவர்காள்! இவ்வாண்டும் அவ்வாயிலில் நம் தம்பியர் நிற்பர். வெற்றி பெறுக என வாழ்த்துமுன், நாமும் அங்கே நடுங்கி நின்றோம் என்பதை அவர்கட்குச் சொல்வோமாக. அவர்கள் நெஞ்சின் சுமை பாதி இறங்கும்.