வாய் திறந்து தூங்குகிறதா பிள்ளை? காரணம் மூக்கில், பாதிப்பு பல்லில்

"வாயை மூடிட்டுத் தூங்குடா!" இரவு நேரத்தில் பல வீடுகளில் கேட்கும் அதட்டல் இது. பிள்ளை ஒரு நொடி வாயை மூடும். தூக்கம் பிடித்ததும் வாய் மறுபடி திறந்துகொள்ளும். "பழக்கம்தானே, வளர்ந்தா சரியாயிடும்" என்று நாமும் விட்டுவிடுகிறோம். சில வருடம் கழித்து மேல்வரிசை முன்பற்கள் தூக்கிக்கொண்டு வரும்போது பல் டாக்டரிடம் போகிறோம். அவர் பல்லைப் பார்த்துவிட்டு, "பையன் வாயால மூச்சு விடுறானா? குறட்டை விடுவானா?" என்று கேட்கிறார்.

பல்லைக் காட்டப் போன இடத்தில் மூச்சைப் பற்றி ஏன் கேட்கிறார்? அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். பெரியவர்களுக்கும் இதில் விஷயம் இருக்கிறது.

மூக்கு செய்யும் வேலை

ஒரு நாளைக்கு நாம் சுமார் 20,000 முறை மூச்சு விடுகிறோம். மூக்கு வழியாகப் போகும் காற்று முதலில் வடிகட்டப்படுகிறது. மூக்கில் உள்ள முடியும் சளிப்படலமும் தூசியைப் பிடித்துக்கொள்கின்றன. அடுத்து, காற்று உடல் சூட்டுக்கு வருகிறது, ஈரமும் ஏறுகிறது. மூக்கைச் சுற்றியுள்ள எலும்பு அறைகளில் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு உருவாகி, உள்ளே போகும் காற்றோடு கலக்கிறது. நுரையீரலின் ரத்தக் குழாய்கள் விரிந்து, ரத்தம் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ள இது உதவுகிறது.

வாயால் மூச்சு விட்டால் இந்த வேலைகள் சரியாக நடப்பதில்லை. தூசியும் குளிர்ந்த, வறண்ட காற்றும் நேராகத் தொண்டைக்குப் போகின்றன. ஓடும்போது, மாடிப்படி ஏறும்போது, சளி பிடித்த நாட்களில் வாயால் மூச்சு வாங்குவது இயல்புதான். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் தூங்கும்போதும் தினமும் வாய் திறந்தே இருந்தால்தான் கவனிக்க வேண்டும்.

எச்சில் வற்றினால் பல்லுக்கு என்ன?

பல்லுக்கு இயற்கை கொடுத்த காவல் எச்சில். ஒரு நாளில் அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை சுரக்கிறது. நாம் இனிப்போ மாவுப் பொருளோ சாப்பிட்டதும் வாயிலுள்ள கிருமிகள் அதை அமிலமாக்குகின்றன. வாயின் பி.எச். அளவு சுமார் 5.5-க்குக் கீழே போனால் பல்லின் மேல்பூச்சான எனாமல் கரையத் தொடங்கும். எச்சில் அந்த அமிலத்தைக் கழுவி, பி.எச். அளவை மேலே ஏற்றி, கரைந்த கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் பல்லுக்குத் திருப்பிக் கொடுக்கிறது.

தூங்கும்போது எச்சில் சுரப்பது இயல்பாகவே மிகவும் குறைந்துவிடும். அந்த நேரத்தில் வாயும் திறந்திருந்தால், இருக்கும் கொஞ்ச ஈரமும் காய்ந்துபோகும். சர்க்கரை போட்ட பால் குடித்துவிட்டு, வாய் கொப்பளிக்காமல், வாய் திறந்து தூங்கும் பிள்ளையின் பல்லுக்கு ராத்திரி முழுக்கக் காவலே இல்லை என்று அர்த்தம். சொத்தை, காலையில் வாய் நாற்றம், உதடு வெடிப்பு ஆகியவை இப்படி வருகின்றன. மேல்வரிசை முன்பற்களின் ஈறு மட்டும் சிவந்து தடித்திருப்பதையும் பார்க்கலாம். காற்று நேராகப் படும் இடம் அதுதான்.

வளரும் தாடையில் நடக்கும் மாற்றம்

வாயை மூடியிருக்கும்போது உங்கள் நாக்கு எங்கே இருக்கிறது என்று இப்போதே கவனித்துப் பாருங்கள். மேலண்ணத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். கன்னத் தசைகள் பற்களை வெளியிலிருந்து உள்ளே அழுத்த, நாக்கு உள்ளிருந்து தாங்கிப் பிடிக்கிறது. இந்த இரண்டு அழுத்தமும் சமமாக இருந்தால்தான் மேல்தாடை அகலமாக வளரும்.

வாய் திறந்திருந்தால் நாக்கு கீழே இறங்கிவிடும். கன்னத்தின் அழுத்தம் மட்டும் மிஞ்சும். வருடக்கணக்கில் இப்படியே போனால் மேலண்ணம் குறுகி, உயரமாகக் குழிந்துவிடலாம். நிரந்தரப் பற்களுக்கு இடம் போதாமல் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். முன்பல் தூக்கும், முகம் நீண்டு தெரியும், உதடு தானாக மூடாது. அண்ணத்தின் மேல்பக்கம்தான் மூக்கின் தரை. அதனால் அண்ணம் குறுகினால் மூக்கின் வழியும் குறுகும். மூச்சு விடுவது இன்னும் கஷ்டமாகும்.

தூக்கிய பல்லுக்கெல்லாம் வாய் மூச்சுதான் காரணம் என்று சொல்ல முடியாது. பரம்பரை வாகு, விரல் சூப்புவது போன்றவையும் உண்டு. ஆனால் மூச்சுதான் காரணம் என்றால், அதைச் சரி செய்யாமல் கிளிப் மட்டும் போட்டால் பல் மறுபடி நகர வாய்ப்பு அதிகம்.

நிரந்தரப் பற்கள் 6 வயது வாக்கில் முளைக்கத் தொடங்கி, 12–13 வயதில் பெரும்பாலும் முடிந்துவிடும். தாடை எலும்பு வளர்ந்துகொண்டிருக்கும் இந்த வருடங்களில் கவனித்தால் சிகிச்சை எளிது. எலும்பு இறுகிய பிறகு செலவும் சிரமமும் கூடும். அதனால்தான் "வளர்ந்தா சரியாயிடும்" என்று காத்திருப்பது நஷ்டம்.

தூக்கமும் படிப்பும்

மூச்சு வழி அடைத்திருந்தால் தூக்கம் துண்டு துண்டாகும். எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் பிள்ளை காலையில் சோர்வாக எழும். வகுப்பில் கவனம் சிதறும், எரிச்சல் வரும். சில பிள்ளைகளுக்கு, நின்றுபோன படுக்கையில் சிறுநீர் போகும் பழக்கம் மறுபடி வரும். "மக்கு", "சோம்பேறி" என்று திட்டு வாங்கும் பிள்ளைக்கு உண்மையில் தேவைப்படுவது நல்ல மூச்சாக இருக்கலாம்.

பெரியவர்களில் சத்தமான குறட்டையும், நடுவே சில நொடி மூச்சு நிற்பதும் சேர்ந்திருந்தால் அது தூக்கத்தில் வரும் மூச்சுத் தடை நோயாக இருக்கலாம். ரத்த அழுத்தம், இதய நோய் ஆகியவற்றோடு அதற்குத் தொடர்பு உண்டு. பகலில் வண்டி ஓட்டும்போது கண் சொக்கினால் அது உயிர்ப் பிரச்சினை. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வாய் வறட்சியும் ஈறு நோயும் எளிதில் வரும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும்.

வீட்டிலேயே பார்க்க 5 வழிகள்

1. பிள்ளை டிவி பார்க்கும்போதும் வீட்டுப்பாடம் எழுதும்போதும் அதற்குத் தெரியாமல் கவனியுங்கள். உதடுகள் சேர்ந்திருக்கின்றனவா?

2. காலையில் தலையணை எச்சிலால் நனைந்திருக்கிறதா? எழுந்ததும் வாய் வறண்டு, தண்ணீர் கேட்கிறதா?

3. சளி இல்லாத நாட்களிலும் வாரத்தில் 3 இரவுக்கு மேல் குறட்டை வருகிறதா?

4. குளிர்ந்த எவர்சில்வர் ஸ்பூனை மூக்குக்குக் கீழே பிடியுங்கள். இரண்டு துவாரத்துக்கும் நேராக ஆவி படிகிறதா? ஒரு பக்கம் படியவே இல்லை என்றால் அந்தப் பக்கம் அடைப்பு இருக்கலாம்.

5. உங்கள் செல்போனை எடுங்கள். பிள்ளை நன்றாகத் தூங்கிய பிறகு, முகமும் நெஞ்சும் தெரியும்படி, சத்தமும் பதிவாகும்படி 2 நிமிடம் வீடியோ எடுங்கள். டாக்டரிடம் "குறட்டை விடுறான்" என்று சொல்வதைவிட இந்த வீடியோ அதிகம் உதவும். டாக்டருக்குக் காட்ட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். குடும்ப குரூப்பில் போட வேண்டாம்.

இவற்றில் இரண்டு மூன்று அறிகுறிகள் தெரிந்தால் டாக்டரைப் பாருங்கள். தூக்கத்தில் மூச்சு நிற்பது, மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக் குழி உள்ளே வாங்குவது போன்றவை தெரிந்தால் தள்ளிப் போடவே வேண்டாம். உதடு நீலமானால் உடனே 108-ஐ அழையுங்கள்.

காரணம் என்ன?

சின்னப் பிள்ளைகளுக்கு முக்கியக் காரணம் அடினாய்டு. மூக்குக்குப் பின்னால், தொண்டைக்கு மேலே இருக்கும் சதை இது. ஏறக்குறைய 3 முதல் 7 வயதுக்குள் பெரிதாகி, பிறகு மெல்லச் சுருங்கும். டான்சில் வீக்கமும் கூடவே இருக்கலாம். தூசி அலர்ஜியால் வரும் தும்மலும் மூக்கடைப்பும் எந்த வயதிலும் வரும். பெரியவர்களுக்கு மூக்குத் தண்டு வளைவு, மூக்கில் வளரும் சதை ஆகியவையும் காரணமாகலாம்.

ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றமுள்ள சளி வந்தால், குழந்தை மணி, விதை, பட்டன் பேட்டரி போன்ற எதையாவது உள்ளே போட்டிருக்கலாம். நீங்களே எடுக்கப் பார்க்காதீர்கள்; உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

அடைப்பு சரியான பிறகும் சிலருக்கு வாய் திறக்கும் பழக்கம் மட்டும் மிஞ்சும். அப்போது உதடு மூடும் பயிற்சிகளைப் பல் டாக்டர் சொல்லித் தருவார்.

செய்ய வேண்டியவை

தலையணை உறை, போர்வையை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்து வெயிலில் காய வையுங்கள். படுக்கும் அறையில் கொசுவர்த்தி, சாம்பிராணி, சிகரெட் புகை வேண்டாம். இரவு பல் துலக்குவதைக் கட்டாயமாக்குங்கள். ஃப்ளோரைடு பேஸ்ட், 3 வயதுக்குள் அரிசி அளவு, அதற்கு மேல் பட்டாணி அளவு போதும். துலக்கிய பிறகு தண்ணீர் தவிர வேறு எதுவும் கூடாது. பால் கொடுப்பதென்றால் அதற்கு முன்பே கொடுங்கள். உப்பு நீரால் மூக்கைக் கழுவ டாக்டர் சொன்னால், கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரை மட்டுமே பயன்படுத்துங்கள்.

செய்யக் கூடாதவை

வாயில் டேப் ஒட்டித் தூங்கச் சொல்லும் ரீல்ஸ் இப்போது நிறைய வருகின்றன. தயவுசெய்து பிள்ளைகளுக்கு அதைச் செய்யாதீர்கள். மூக்கு அடைத்திருப்பதால்தான் வாய் திறக்கிறது. இருக்கும் ஒரே வழியையும் அடைத்தால் மூச்சுத் திணறும். தூக்கத்தில் வாந்தி வந்தால் ஆபத்து. குறட்டையும் மூக்கடைப்பும் உள்ள பெரியவர்களுக்கும் இது பொருந்தும்.

மூக்கடைப்பு நீக்கும் சொட்டு மருந்தை டாக்டர் சொல்லாமல் நாள்கணக்கில் விடாதீர்கள். தொடர்ந்து விட்டால், நிறுத்தும்போது அடைப்பு இன்னும் அதிகமாகத் திரும்பும். சின்னப் பிள்ளைகளுக்குக் கொதிக்கும் பாத்திரத்தில் ஆவி பிடிக்க வைப்பதும் வேண்டாம். பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோகும் அபாயம் உண்டு.

அரசு சேவைகள்: எங்கே போவது?

• 104: தமிழ்நாடு அரசின் இலவச மருத்துவ ஆலோசனை எண். எந்த மருத்துவமனையில், எந்தப் பிரிவுக்குப் போகலாம் என்று கேட்கலாம்.

• இ-சஞ்சீவனி செயலி: வீட்டிலிருந்தே வீடியோ அழைப்பில் அரசு டாக்டரிடம் இலவசமாகப் பேசலாம். முதல் ஆலோசனைக்கு ஏற்றது. மூக்கையும் பல்லையும் நேரில்தான் பரிசோதிக்க வேண்டும்.

• அங்கன்வாடி, அரசுப் பள்ளி: ஆர்.பி.எஸ்.கே. எனப்படும் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும், அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிக்கு ஒருமுறையும் வர வேண்டும். பல் பரிசோதனையும் இதில் அடங்கும். அடுத்து எப்போது வருவார்கள் என்று ஆசிரியரிடம் கேட்டு, "வாயால மூச்சு விடுறான், பாருங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.

• அரசு மருத்துவமனை: மாவட்டத் தலைமை மருத்துவமனை, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பல் பிரிவும் காது மூக்கு தொண்டைப் பிரிவும் உண்டு. ஓ.பி. சீட்டு வாங்கும்போதே இரண்டையும் காட்ட வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். க்யூஆர் கோடு வசதி உள்ள இடங்களில், உங்கள் 14 இலக்க ஆபா எண்ணை வைத்து போனில் ஸ்கேன் செய்தே டோக்கன் எடுக்கலாம்.

• அறுவை சிகிச்சை தேவை என்றால்: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அது வருமா என்று மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுத் திட்ட உதவி மையத்தில் கேளுங்கள். காப்பீட்டு அட்டை, குடும்ப அட்டை, ஆதார் மூன்றையும் கையோடு எடுத்துப் போங்கள்.

இன்று இரவு பிள்ளை தூங்கிய பிறகு ஒரு நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். வாய் திறந்திருந்தால் அதட்டி எழுப்ப வேண்டாம். வீடியோ எடுத்து வையுங்கள். காலையில் 104-க்குப் போன் பண்ணுங்கள்.