வாடகை வீட்டுக்குப் புது கீசரா? வாங்கும் முன் கவனியுங்கள்

சாமல்பட்டி, ஊத்தங்கரைப் பக்கம் ஒகேனக்கல் குடிநீர் வந்தாலும், குளிக்கப் பல வீடுகளில் போர் தண்ணீர்தான். வீட்டு உரிமையாளர்கள் கீசர் மாற்றும்போது இதை மனதில் வையுங்கள்.

● குழாய் வாயில் வெள்ளையாகப் படிகிறதா? அதே உப்புதான் ஹீட்டர் காயிலிலும் படியும். உட்புறம் கிளாஸ்லைன் பூச்சும் மெக்னீசியம் ராடும் உள்ள டேங்க் வாங்குங்கள். அந்த ராடு தான் கரைந்து டேங்கைக் காக்கும், கரைந்ததும் மாற்றிவிடுங்கள்.

● சிறு குடும்பத்துக்கு 15 லிட்டர், 2000 வாட் போதும். தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடேற சுமார் 20 நிமிடம், முக்கால் யூனிட்டுக்குள் முடிந்துவிடும்.

● ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் நட்சத்திரக் குறியீட்டையும் பார்த்து வாங்குங்கள்.

● 16 ஆம்பியர் பிளக், சரியான எர்த், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மூன்றும் கட்டாயம். அழுத்தம் வெளியேற்றும் வால்வை ஒருபோதும் அடைக்காதீர்கள்.

● கேஸ் கீசரைக் குளியலறைக்குள் மாட்டவே வேண்டாம். அதிலிருந்து வரக்கூடிய கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது; உயிரையே பறித்துவிடும்.

● சோலார் வைப்பதானால், உப்புத் தண்ணீருக்கு ஏற்ற ஹீட் எக்ஸ்சேஞ்சர் வகையைக் கேளுங்கள்.

● 2017-ஆம் ஆண்டு தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். பழுது பார்ப்பது யார், புதிது வாங்குவது யார் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். பின்னால் மனஸ்தாபம் வராது.