பைன் காடுகளை அழித்த பட்டை வண்டு

பைன் மரம் ஊசி போன்ற இலைகளை உடையது. இலங்கையின் மலைநாட்டுச் சரிவுகளில் நடப்பட்டுள்ள பைனசு மரங்களைக் கமக்காரர் பலர் கண்டிருப்பர். இவ்வினத்தைச் சேர்ந்த வேறொரு மரம், வட சீனாவின் ஷான்சி மாகாணத்து மலைகளில் மண்ணரிப்பைத் தடுக்கும் பொருட்டுப் பெருந்தொகையாக நடப்பட்டது. மலையில் மரம் அழியின் மண் கரையும். கீழுள்ள விளைநிலமும் கெடும். ஆதலால் அக்காடுகளுக்கு நேர்ந்த கேடு, நெல்லும் மரக்கறியும் செய்கை பண்ணுவோருக்கும் ஒரு பாடமாகும்.

வண்டு வந்த வகை

கேட்டை விளைத்தது செந்நிறமான ஒரு பட்டை வண்டு. அது 6 முதல் 10 மில்லிமீற்றர் வரை நீளமுள்ளது. அதன் தாயகமான வட அமெரிக்காவில் அது வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகளிலும் நலிந்த மரங்களிலுமே பெரும்பாலும் வாழும். நன்மரத்தைக் கொல்வது அரிது. 1980ஆம் ஆண்டையடுத்த சில ஆண்டுகளில், பட்டை உரிக்கப்படாத மரக்குற்றிகளோடு அது சீனாவை அடைந்ததென ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். 1998இல் ஷான்சியிற் கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே பெருகி, பின்னர் ஹெபெய், ஹெனான் முதலிய அயல் மாகாணங்களுக்கும் பரவிற்று. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பைன் மரங்கள் மாண்டன.

மரம் பட்டுப்போகும் வகை

இலைகளில் ஆக்கப்படும் உணவு, பட்டையின் உட்புறமுள்ள மெல்லிய படையின் வழியாகவே வேருக்குச் செல்கின்றது. தாய்வண்டு அடிமரத்தைத் துளைத்து அப்படையில் முட்டையிடும். பொரித்த புழுக்கள் கூட்டமாகச் சேர்ந்து அதனைத் தின்னும். பட்டையை வளையமாகச் செதுக்கிவிட்டால் மரம் எவ்வாறு பட்டுப்போகுமோ, அவ்வாறே இம்மரமும் பட்டுப்போகின்றது. துளைவாயில் திரளும் செந்நிறப் பிசின் கட்டிகளே நோயின் அடையாளம்.

சீனாவில் இவ்வண்டுகள் வேர்களினுள்ளும் புகுந்து குளிர்காலத்தைக் கழிக்கின்றன. ஆகவே மரத்தை வெட்டி அகற்றினாலும் பீடை நிலத்தின் கீழ் எஞ்சிவிடுகின்றது. அன்றியும், வண்டோடு செல்லும் ஒருவகைப் பங்கசு, மரத்திலிருந்து பிசின் மணம் மிகுதியாக எழும்படி செய்கின்றது. அம்மணம் மேலும் பல வண்டுகளை அழைக்கின்றது. வரட்சியால் மரங்கள் நலிந்திருந்தமையும், ஓரின மரங்களே பரந்து நின்றமையும் அழிவை விரைவுபடுத்தின.

தடுப்பு முறைகள்

வண்டை அழைக்கும் அம்மணப் பொருளையே வைத்துப் பொறிகள் அமைக்கப்பட்டன. தாக்கப்பட்ட அடிமரம் பொலித்தீன் தாளால் மூடப்பட்டு நச்சுப்புகை ஊட்டப்பட்டது. பீடையுள்ள மரங்களை வேறிடங்களுக்குக் கொண்டு செல்வது தடுக்கப்பட்டது. இவற்றாற் பீடை குறைந்ததேயன்றி அற்றுப்போகவில்லை. பட்டையை உரித்து அனுப்பியிருப்பின் செலவு சிறிது. பின்னர் செய்த செலவோ பெரிது.

கமக்காரர் செய்யவேண்டியவை

பைன் வண்டு நெல்லையோ கத்தரியையோ தாக்காது. ஆயினும் அது வந்த வழியில் வேறு பீடைகளும் வரலாம். பப்பாசியைத் தாக்கும் வெண்மூட்டுப் பூச்சி 2008இலும், சோளத்தைத் தாக்கும் சேனா படைப்புழு 2018இலும் இலங்கையிற் காணப்பட்டன. இரண்டும் பிறநாட்டுப் பூச்சிகளே. ஆகவே,

1. வெளிநாட்டிலிருந்து விதை, கிழங்கு, நாற்று, பழம் ஆகியவற்றை அனுமதியின்றிக் கொண்டுவரலாகாது. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கப் பயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இதனைக் கட்டுப்படுத்துகின்றது.

2. அயலூரிலிருந்து பெறும் நாற்றையும் விதைக்கிழங்கையும் நன்கு சோதித்த பின்னரே நடுக. வேரோடு ஒட்டிய மண்ணிலும் பீடை இருக்கக்கூடும்.

3. ஒரே பயிரை இடைவிடாது செய்கை பண்ணாது, பயிரை மாற்றிச் செய்க.

4. முன்பு அறியாத பூச்சியையோ வாட்டத்தையோ கண்டால் அச்செடியை ஊரெங்கும் எடுத்துச் செல்லாது, விவசாயப் போதனாசிரியரைத் தோட்டத்துக்கே அழைத்துக் காட்டுக.

ஷான்சியில் வண்டு வந்ததற்கும் அது கண்டறியப்பட்டதற்கும் இடையே பல ஆண்டுகள் கழிந்தன. பீடையை முதலிற் காணக்கூடியவர் நாள்தோறும் நிலத்தில் நிற்பவரே. அவர் அன்றே அறிவிப்பின், ஒரு பாத்தியோடு முடியும் கேடு ஊர் முழுவதையும் சூழாது.