கணக்கு நிரல் கருவியாகும் விதம்

5000 ரூபாயை ஆண்டுக்கு 8 விழுக்காடு கூட்டு வட்டியில் 3 ஆண்டுகளுக்குப் போட்டு வைத்தால் முடிவில் எவ்வளவு கிடைக்கும்? பைத்தான் மொழியில் இரண்டே வரிகளில் நிரல் எழுதிவிடலாம். 6298.56 ரூபாய் என்று கணிப்பொறி விடை தரும்.

அடுத்த வீட்டு அண்ணன் தம்முடைய 7000 ரூபாய்க்குக் கணக்குக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நிரலைத் திறந்து, 5000 என்பதை அழித்து, 7000 என்று எழுத வேண்டும். நிரல் எழுதத் தெரிந்த உங்களுக்கு இது எளிது. அவருக்கு? எண்கள் நிரலுக்குள் புதைந்திருக்கும்வரை அது உங்கள் குறிப்பேட்டுக் கணக்குதான். எண்களை வெளியிலிருந்து பெற்றுக்கொள்ளும்போதுதான் அது பிறருக்கும் பயன்படும் கருவியாகிறது.

கட்டளை வரி

இதற்கு ஒரு பழைய வழி உண்டு. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1969-இல் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் உருவாக்கத் தொடங்கிய யூனிக்ஸ் முறையில், கருவியின் பெயரையும் அதற்கு வேண்டிய விவரங்களையும் ஒரே வரியில் தட்டுவார்கள். இதுவே கட்டளை வரி. நம் நிரல் கோப்பின் பெயர் 'வட்டி' என்றால், இவ்வாறு தட்டலாம்:

பைத்தான் வட்டி 5000 8 3

இரண்டு சிக்கல்கள்

முதலாவது, கட்டளை வரியில் வருவன யாவும் எழுத்துச் சரங்களே, எண்கள் அல்ல. 5000 என்ற சரத்தை 3 ஆல் பெருக்கினால் பைத்தான் 15000 என்று சொல்லாது. சரத்தை மூன்று முறை அடுக்கி 500050005000 என்று காட்டும்!

இரண்டாவது இதைவிட ஆபத்தானது. அண்ணன் தவறுதலாக 8, 3 ஆகியவற்றை இடம் மாற்றித் தட்டிவிட்டால், 3 விழுக்காட்டில் 8 ஆண்டுகள் என்று கணக்காகும். விடை 6333.85 ரூபாய். சரியான விடையிலிருந்து 35.29 ரூபாய்தான் வேறுபாடு; ஆகவே யாருக்கும் ஐயம் எழாது. நின்றுபோகும் நிரலை நாம் உடனே கவனிப்போம். நம்பும்படியான தவறான விடையை யார் கவனிப்பார்?

துணை நூலகம்

பலருக்கும் தேவைப்படும் வேலைகளை முன்னரே எழுதித் தொகுத்து வைத்திருப்பதே துணை நூலகம். 'ஆர்க்பார்ஸ்' என்ற நூலகம் 2010-இல் வெளிவந்த பைத்தான் 2.7 முதல் அம்மொழியுடனேயே கிடைக்கிறது. ஒவ்வொரு விவரத்துக்கும் அதன் பெயர், அது எண்ணா சரமா என்ற வகை, ஒரு வரி விளக்கம் ஆகியவற்றை நாம் அதற்குச் சொன்னால் போதும். பெயருக்கு முன் இரண்டு சிறு கோடுகள் இட்டால், கட்டளை இவ்வாறு அமையும்:

பைத்தான் வட்டி --தொகை 5000 --ஆண்டு 3 --விகிதம் 8

இப்போது வரிசை எப்படி மாறினாலும் விடை மாறாது. சரத்தை எண்ணாக மாற்றுவதும் நூலகத்தின் பொறுப்பு. 'எட்டு' என்று எழுத்தால் தட்டினால், எண் அல்ல என்று பிழை காட்டி நிறுத்திவிடும். தமிழ் எண்ணான ௮ ஐத் தட்டினாலோ, பைத்தான் அதை 8 என்றே ஏற்கும்! கட்டாயம் தேவை என்று நாம் குறித்த விவரம் விடுபட்டாலும் நூலகம் எச்சரிக்கும். கோடுகளுடன் 'ஹெல்ப்' என்று தட்டினால், நாம் எழுதிய விளக்கங்களைத் தொகுத்துக் காட்டும்.

2017-இல் கூகுள் வெளியிட்ட 'ஃபயர்' என்ற நூலகம் இன்னும் சுருக்கமானது. செயற்கூற்றை, அதாவது பெயரிட்ட நிரல் துண்டை, அதனிடம் கொடுத்தால் கட்டளையைத் தானே அமைத்துக்கொள்ளும்.

எல்லை எது?

நூலகம் எண்ணை அறியும். அதன் பொருளை அறியாது. வட்டி விகிதம் 800 என்று தட்டினாலும் அது தடுக்காது. எந்த எல்லைக்குள் எண் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீங்கள்தான் எழுத வேண்டும். கருவி பிறர் கைக்குப் போகுமுன் அவர் எங்கெங்கே தவறக்கூடும் என்று எண்ணிப் பார்ப்பது, அதைச் செய்தவரின் கடமை அல்லவா?

செய்து பாருங்கள்

1. ஆண்டு எண்ணிக்கையைத் தராவிட்டால் 1 என்று கொள்ளும்படி கருவியை மாற்றுங்கள்.
2. விகிதம் சுழியைவிடக் குறைந்தால் எச்சரிக்கச் செய்யுங்கள்.
3. தனி வட்டிக் கணக்கில் விகிதத்தையும் ஆண்டையும் இடம் மாற்றினாலும் விடை மாறுவதில்லை. ஏன்?