மேலே மழை, கீழே வெயில்: பொம்புரு எல்ல போகிறவர்களுக்கு

ஆடி மாதத்தில் வெலிமடை டவுனில் நின்றால் காற்று ஆளைத் தள்ளும். மானாப்புல் காய்ந்து மலைச்சரிவெல்லாம் மஞ்சளாகக் கிடக்கும். அதே நேரத்தில் மேற்கே கந்தப்பளை, நுவரெலியா முகடுகளில் முகில் அடைத்துக்கொண்டு மழை கொட்டும். தென்மேல் பருவமழையை அந்த முகடுகளே வாங்கிக்கொள்வதால் எங்கள் பக்கம் வந்து சேருவது காய்ந்த காற்றுத்தான். ஊவாத் தேயிலைக்கு ஆடி, ஆவணியில் தனி மணம் ஏறுவதும் அந்தக் காற்றால்தான். ஆனால் எங்கள் பக்கத்து ஓடையில் வரும் தண்ணீர் அந்த முகட்டில் பெய்த மழை. பொம்புரு எல்ல அருவிக்கு நடக்க ஆசைப்படுகிற எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்: தலைக்கு மேலே உள்ள வானத்தை மட்டும் பார்த்து ஓடையை எடைபோடாதீர்கள்.

பொம்புரு எல்ல, வெலிமடைக்கும் ஊவா பரணகமைக்கும் இடைப்பட்ட காட்டுக்குள், பதுளை மாவட்டமும் நுவரெலியா மாவட்டமும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் இருக்கிறது. உயரம் ஏறக்குறைய 50 மீற்றர். 263 மீற்றர் பம்பரகந்தவுக்கும் 220 மீற்றர் தியலுமவுக்கும் பக்கத்தில் வைத்தால் இது சின்ன அருவி. இதன் அழகு அகலத்தில். பாறைச் சரிவு முழுக்கப் பல கிளைகளாகப் பிரிந்து விழுகிறது. நாட்டிலேயே மிக அகலமான அருவி என்று இதைச் சொல்வார்கள். தண்ணீரைத் தருவது கந்தப்பளை, சீதா எலிய வனம். அருவியின் மேல் பகுதிக்கும் கீழ்ப் பகுதிக்கும் நடுவே ஒரு சிறு நீர்த்தேக்கம் உண்டு. பேரவெல்ல விவசாயிகளின் காய்கறிப் பாத்திகளுக்குத் தண்ணீர் அங்கிருந்துதான் போகிறது.

எப்போது போகலாம்

ஊவாவில் பெருமழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில். பங்குனி, சித்திரையில் பின்னேரத்து இடிமழை. இந்த மாதங்களில் காலையில் பளிச்சென்று வெயில் அடித்தாலும் மதியம் தாண்டியதும் இருட்டிக்கொண்டு வந்துவிடும். அதனால் நான் எந்த மாதத்தில் போனாலும் விடியற்காலை பஸ்ஸைப் பிடிப்பேன். மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் ஓடையை விட்டு மேட்டுக்கு வந்துவிடுவேன். காலையில் வெளிச்சம் நல்லது, பாதையில் கூட்டம் குறைவு, கால் வழுக்கி யாராவது விழுந்தாலும் உதவி தேடப் பகல் மிச்சம் இருக்கும்.

புறப்படும் முன் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பையும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையையும் பாருங்கள். எச்சரிக்கை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படியாக, பிரதேச செயலாளர் பிரிவுவாரியாக வரும். வெலிமடை அல்லது ஊவா பரணகம என்ற பெயர் எந்த நிறத்துக்குக் கீழே இருந்தாலும் அன்றைக்கு நடை வேண்டாம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்த மீரியபெத்தவில் லயங்களோடு மக்கள் மண்ணுக்குள் போனதைக் கண்ட மாவட்டம் இது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோதும் பதுளை மாவட்டம் பல உயிர்களைப் பறிகொடுத்தது. புயலுக்குப் பிறகு பழைய பாதை பழைய மாதிரியே இருக்கும் என்று யாரும் நம்பிப் போக வேண்டாம். பாதை திறந்திருக்கிறதா, பாலமும் படியும் நிற்கின்றனவா என்பதை ஊராரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கிளம்புங்கள்.

ஓடையைப் படிக்கும் முறை

இந்த நடையில் நான் கற்றதில் பாதி, அந்த ஓடையில் துணி துவைக்கிறவர்களும் அதை நம்பிப் பாத்தி கட்டுகிறவர்களும் சொல்லிக்கொடுத்தது. ஒருநாள் கரையில் விறகுக்கட்டோடு நின்ற தோட்டத்து அக்கா என்னோடு வந்த பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொன்னார்: "தம்பி, மேல இருட்டிக்கிட்டு இருக்கு. தண்ணி செவக்கிறதுக்கு முந்தி இந்தப் பக்கம் வந்துருங்க." நாங்கள் வந்துவிட்டோம். நாங்கள் நின்ற இடத்தில் ஒரு துளி மழையும் இல்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் ஓடை நிறம் மாறியது. நாங்கள் கால் வைத்துத் தாண்டிய கற்கள் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் போயின.

அன்றிலிருந்து யாரை அழைத்துப் போனாலும் இந்த அடையாளங்களைச் சொல்லிவிட்டுத்தான் பாதையில் இறக்குவேன்:

- தெளிந்த தண்ணீர் கலங்கினாலோ சிவந்தாலோ மேலே மண் கரைகிறது என்று பொருள்.
- சருகு, சுள்ளி, பச்சை இலை திடீரென்று கூட்டமாக மிதந்து வந்தால் வெள்ளம் பின்னால் வருகிறது.
- ஓடையின் சத்தம் கனத்து, உள்ளே கல் உருளும் ஒலி கேட்டால் பையைக்கூட எடுக்க நிற்காமல் மேட்டுக்கு ஏறுங்கள்.
- நீங்கள் குறித்து வைத்த ஒரு கல் ஈரமானால் நீர் ஏறுகிறது. எங்கே உட்கார்ந்தாலும் கரையில் ஒரு கல்லைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கரையில் மாட்டிக்கொண்டால் தாண்ட முயலாதீர்கள். முழங்காலுக்கு வரும் வேகமான தண்ணீரே ஆளைச் சாய்த்துவிடும். உயரமான இடத்தில் காத்திருங்கள். சிற்றோடை வெள்ளம் மழை விட்டதும் பல நேரம் வடிந்தும் விடும்.

காலும் கையும்

பாதை ஒரே மாதிரி இல்லை. வரப்பு, கல், வேர், ஈரப்பாசி என்று மாறிக்கொண்டே போகும். இறப்பர்ச் செருப்பு வழுக்கும். அடியில் பல் வைத்த, நனைந்தாலும் பரவாயில்லாத சப்பாத்து போதும். விலை கூடியது தேவையில்லை. கறுத்து மினுங்கும் பாறையை மிதிக்காதீர்கள், அது பாசி. சொரசொரப்பான சாம்பல் நிறப் பாறை காலைப் பிடிக்கும். இறக்கத்தில் ஒரு கம்பு இரண்டாவது ஆளுக்குச் சமம்.

மழை ஈரம் இருந்தால் அட்டை வரும். காலுறையின் வெளிப்பக்கத்தில் சவர்க்காரத்தை நன்றாகத் தேய்த்துவிட்டால் ஏறுவது குறையும். கடித்த அட்டையை நகத்தால் ஓரத்தில் தள்ளி எடுங்கள். இரத்தம் கொஞ்சநேரம் வடியும், பயப்பட வேண்டியதில்லை. கழுவிக் கட்டினால் போதும்.

குளவியும் மலைத்தேனீயும்தான் உண்மையில் பயப்பட வேண்டியவை. கொழுந்து மலையில் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் இல்லாத தோட்டம் எங்கள் பக்கத்தில் இல்லை. பாறை முகத்திலும் பெரிய மரத்திலும் கூடு தெரிந்தால் சத்தம் போடாதீர்கள், கல் எறியாதீர்கள், பக்கத்தில் நெருப்பு மூட்டாதீர்கள். வாசனைத் தைலம் பூசிக்கொண்டு போகவும் வேண்டாம். கலைந்துவிட்டால் முகத்தை மூடிக்கொண்டு வந்த வழியே விலகி ஓடுங்கள். தண்ணீருக்குள் குதிப்பது இன்னொரு ஆபத்து.

வழியில் வயற்சேறு உண்டு. பெரும்போகத்தில் நெல்லும் சிறுபோகத்தில் உருளைக்கிழங்கும் போடும் மண் இது. காலில் காயம் இருந்தால் மூடிக்கட்டிக்கொண்டு இறங்குங்கள். போய் வந்த ஓரிரு வாரத்தில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் சேற்றில் நடந்ததை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அது சேற்றிலிருந்து தொற்றும் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். நேரத்துக்குக் கண்டுபிடித்தால் குணப்படுத்தலாம்.

குளிப்பது பற்றி

அருவி விழும் இடத்துக்கு நேர் கீழே போக வேண்டாம். தண்ணீரோடு கல்லும் கட்டையும் விழும், பள்ளத்தின் ஆழமும் ஒவ்வொரு மழைக்கும் மாறும். குளிக்க ஆசை இருந்தால் கீழே, ஊர்க்காரர்கள் குளிக்கிற இடத்தில், அடி தெரியும் தண்ணீரில், இடுப்பளவுக்கு மேல் போகாமல் குளியுங்கள். மலைத்தண்ணீரின் குளிர் தசையைப் பிடிக்கும். நன்றாக நீந்தத் தெரிந்தவரையும் விடாது. குடித்துவிட்டுத் தண்ணீரில் இறங்குவதும், படம் எடுக்க மேல் விளிம்பில் நிற்பதும் எத்தனையோ வீடுகளை இருட்டாக்கியிருக்கின்றன. என் கூட்டத்தில் இந்த இரண்டுக்கும் இடமில்லை.

சிறு பிள்ளைகளோடும் வயதானவர்களோடும் போகிறவர்களுக்குப் பதுளைக்குப் பக்கத்திலுள்ள துன்ஹிந்தவைச் சொல்வேன். 64 மீற்றர் உயரத்திலிருந்து பதுளு ஓயா விழுவதைக் கட்டிய பாதையில் நடந்து போய்ப் பார்க்கலாம். அங்கே நடந்து பழகிய பிறகு பொம்புருவுக்கு வரலாம்.

பையில் என்ன

கொதித்தாறிய தண்ணீர், ரொட்டியும் சம்பலும், ஒரு விசில், மழைச்சட்டை, துவாய், காயத்துக்குக் கட்டும் துணி, நனையாமல் சுற்றிய போன். ஓடைத் தண்ணீரைக் குடிக்காதீர்கள். மேலே மரக்கறித் தோட்டங்களுக்கு மருந்து அடிக்கிறார்கள். அவசரத்துக்கு 1990 சுவசெரிய அம்புலன்ஸ், 119 பொலிஸ், 117 அனர்த்த முகாமைத்துவ நிலையம். மலை மடிப்பில் சிக்னல் போய்விடும். ஆகவே எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதைப் பாதை தொடங்கும் இடத்துக் கடையில் சொல்லிவிட்டுப் போங்கள். அவர்கள் மனதில் வைத்துக்கொள்வார்கள்.

இது யாருடைய தண்ணீர்

இந்த நீர் கடைசியில் உமா ஓயாவோடு சேர்ந்து மகாவலிக்குப் போகிற நீர். அதே உமா ஓயாவை வெலிமடைக்குப் பக்கத்தில் புகுல்பொலவில் மறித்து, மலையைக் குடைந்து, கரந்தகொல்ல பக்கம் கொண்டுபோய் 120 மெகாவாற் மின்சாரம் எடுக்கும் திட்டம் 2024 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அந்தச் சுரங்கம் தோண்டிய காலத்தில் நிலத்தடி நீர் கசிந்து பண்டாரவளைப் பக்கத்துக் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. ஒரு குடம் தண்ணீருக்கு மக்கள் பௌசருக்குக் காத்து நின்றார்கள். தண்ணீரின் விலையை இவ்வளவு நேராகத் தெரிந்துகொண்ட மண்ணில் நடக்கும்போது நமக்கும் ஒரு கடமை இருக்கிறது.

ஓடைக்குள் சவர்க்காரம் போட்டுக் குளிக்காதீர்கள். பாத்திகளுக்குத் தண்ணீர் போகும் வாய்க்காலைத் தாண்டுங்கள், மிதிக்காதீர்கள். அதன் கரை இடிந்தால் ஒரு குடும்பத்தின் லீக்ஸும் கரட்டும் வாடும். பொலித்தீனையும் போத்தலையும் பையிலேயே திருப்பிக் கொண்டு வாருங்கள். சோளமும் தேத்தண்ணியும் வாங்குவதாக இருந்தால் வழியோரக் கடையில் வாங்குங்கள். ஓடை கலங்கும் நாளில் உங்களைக் கூப்பிட்டு நிறுத்தப்போகிறவர்கள் அந்தக் கடைக்காரர்களும் கரையில் வேலை செய்கிறவர்களும்தான். அவர்கள் "இன்றைக்கு வேண்டாம்" என்றால் மறுபேச்சுப் பேசாமல் திரும்பிவிடுங்கள். எத்தனை தூரத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாலும் சரி.